முன்பின் அறியாதவரின் சக்கரத்துக்குப் பின்னால்: செட்டிநாட்டுச் சாலைகளில் டிராஃப்டிங் செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

ஆடி மாதத்தில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் நோக்கி மேற்கே சைக்கிள் ஓட்டியவர்களுக்கு எதிர்காற்றின் குணத்தை விளக்க வேண்டியதில்லை. அம்மியைப் பறக்கவிடும் காற்று மெல்லிய டயரும் ஏழு எட்டுக் கிலோ எடையும் கொண்ட வேகச் சைக்கிளான ரோடு பைக்கை மட்டும் விட்டுவைக்காது. கண்மாய்க் கரையை ஒட்டிச் சாலை திறந்துகொள்ளும் இடங்களில், 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தவர் அதே உழைப்பைச் செலுத்தியும் 22 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுவார். அந்த நேரத்தில் சற்று முன்னால் இன்னொரு ரோடு பைக் தென்பட்டால், அதன் பின்சக்கரத்தை எட்டிப்பிடித்து மறைவில் ஒதுங்கத் தோன்றுவது இயல்பு. இப்படி இன்னொருவருக்கு நெருக்கமாகப் பின்னால், அவர் தரும் காற்று மறைவில் ஓட்டுவதே டிராஃப்டிங். அப்படி ஒதுங்கலாமா, ஒதுங்கினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பவற்றையே இங்கே பேசுகிறோம். ஒரே குழுவாகப் புறப்படுகிறவர்களுக்குள் ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் இருக்கும். இது முன்பின் அறியாத இருவர் சாலையில் சந்திப்பதைப் பற்றியது.

மறைவு எவ்வளவு தருகிறது, எதைக் கேட்கிறது

காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. சமதளச் சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. ஒருவருக்கு நெருக்கமாகப் பின்னால் செல்பவர், இடைவெளிக்கும் காற்றின் திசைக்கும் ஏற்ப, தம் உழைப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சப்படுத்தலாம். கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்த லாபமும் பெருகுகிறது: நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, கூட்டத்தின் உட்பகுதியில் நன்கு மறைந்திருப்பவர் எதிர்கொள்ளும் காற்றுத்தடை, தனியே செல்பவர் எதிர்கொள்வதில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே.

பின்னால் வருகிறவர் முன்னால் இருப்பவரின் உழைப்பைத் திருடுகிறார் என்று சிலர் கோபப்படுவதுண்டு. இயற்பியல் அதை ஏற்கவில்லை. பின்னால் ஒருவர் நெருங்கி வருவதால் முன்னவருக்குப் பின்புறத்தில் உண்டாகும் காற்றுச் சுழல் சற்றே குறைந்து, அவருக்கும் மிகச் சிறிய அளவில் நன்மையே கிடைக்கிறது. முன்னவர் இழப்பது உழைப்பை அன்று. தம் விருப்பம்போல் பிரேக் பிடிக்கும் சுதந்திரத்தை. இதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. 30 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 8.3 மீட்டர். முன்னவர் எதிர்பாராமல் பிரேக் பிடித்து நின்றுவிடுகிறார். அதை உணர்ந்து நம் விரல்கள் இயங்க முக்கால் வினாடி ஆகிறது என்று கொண்டால், இருவருடைய பிரேக்குகளும் ஒரே வலிமை கொண்டவையாக இருந்தாலும், மோதாமல் நிற்க 6 மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். மறைவின் முழுப் பலனும் கிடைக்கும் இடமோ ஒரு மீட்டருக்குள். ஆகவே நெருங்கிச் செல்பவரின் பாதுகாப்பு அவருடைய பிரேக்கில் இல்லை. முன்னவர் முன்கூட்டியே சொல்லும் சொல்லிலும் காட்டும் சைகையிலும் இருக்கிறது. அந்தப் பொறுப்பை அவர் தாமாக ஏற்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் அவர் தலையில் ஏற்றக் கூடாது. கீழே வரும் விதிகள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்திலிருந்து கிளைப்பவையே.

முதல் படி: யாருக்குப் பின்னால் செல்லக் கூடாது என்று தீர்மானித்தல்

செட்டிநாட்டுச் சாலையில் காலை ஐந்தரை மணிக்கு உங்களுக்கு முன்னால் செல்லும் சைக்கிள்களில் பெரும்பாலானவை ரோடு பைக்குகள் அல்ல. பால் கேன் கட்டியவர், வேலைக்குச் செல்லும் கொத்தனார், வயலுக்குப் போகும் பெரியவர், பள்ளி நேரமானால் அரசின் விலையில்லா மிதிவண்டியில் மூன்று மூன்று பேராகப் பேசிக்கொண்டு செல்லும் மாணவ மாணவியர் ஆகியோரே சாலையின் உண்மையான உரிமையாளர்கள். இவர்கள் யாருக்குப் பின்னாலும் ஒதுங்கக் கூடாது. அவர்களுடைய வேகத்தில் மறைவினால் கிடைக்கும் லாபமும் சொற்பம். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதும் அவர்களுக்குப் புரியாது. தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஒருவர் ஓசையின்றித் தம் முதுகுக்குப் பின்னால் வருகிறார் என்ற அச்சம் மட்டுமே மிஞ்சும். கானாடுகாத்தான் பக்கம் பாரம்பரிய வீட்டு விடுதிகளில் தங்கி, சைக்கிளில் தெருக்களைப் பார்த்துச் செல்லும் பயணிகளுக்கும் இது பொருந்தும். ஒரு மாளிகையின் முகப்பைக் கண்டவுடன் அவர்கள் எந்த அறிவிப்புமின்றி நின்றுவிடுவார்கள், அது அவர்கள் உரிமை.

தனியே ஓட்டும் பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் ரோடு பைக்கிலேயே சென்றாலும், வெளிச்சம் வராத வேளையிலோ ஆளரவமற்ற சாலையிலோ ஓர் ஆண் அவருக்குப் பின்னால் பேசாமல் ஒட்டிக்கொள்வதை எந்த விளையாட்டு மரபும் நியாயப்படுத்தாது. "அக்கா, வலப்பக்கமாத் தாண்டிப் போறேன்" என்று தொலைவிலிருந்தே குரல் கொடுத்து, போதிய இடம் விட்டுக் கடந்து சென்றுவிட வேண்டும். சேர்ந்து ஓட்டலாம் என்று அவர் அழைத்தால் அது வேறு.

வாகனங்களின் பின்னால் செல்வது எந்த நிலையிலும் கூடாது. லாரியும் பேருந்தும் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வைக்கோலோ கரும்போ ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் நம் ஓட்டத்துக்கு ஏறத்தாழ ஒத்த வேகத்தில், அகலமான சுவர்போல் முன்னால் செல்வதால் நல்ல அனுபவசாலிகளையும் சபலப்படுத்துகிறது. பின்விளக்கு எரியாத டிரெய்லர்கள் பல உண்டு. பாரத்தில் பாதி சாலையிலேயே சிந்தும். அதன் அடியிலிருந்து எந்தக் குழி எப்போது வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மேலும், தனித்தனியே ஓட்டி நேரத்தைக் கணக்கிடும் நேர ஓட்டப் பந்தயங்களிலும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிகளில் டிராஃப்டிங் தடை செய்யப்பட்டவற்றிலும் பங்கேற்பவர்கள் அதே முறையில் தனியே பயிற்சி செய்வார்கள். கைப்பிடியில் முன்னோக்கி நீளும் ஏரோ பாரில் முழங்கை ஊன்றிக் குனிந்து செல்பவரைக் கண்டால் அவரை விட்டுவிடுங்கள். அவர் கை பிரேக்கில் இல்லை என்பதே போதுமான காரணம். புருவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில், 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய அந்த வகை ஓட்டங்களில், பங்கேற்பாளர்கள் ஒருவர் பின் ஒருவர் செல்வதற்குத் தடையில்லை. திருச்சி, புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி, தேவகோட்டை என்று இராமேசுவரம் நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில் அத்தகையவர்களைச் சந்தித்தால், அவர்கள் ஓட்டத்தில் நீங்கள் பங்கேற்காதவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

இரண்டாம் படி: நெருங்குதலும் கேட்டலும்

பின்னாலிருந்து நெருங்கும்போது 10 மீட்டர் தொலைவிலேயே உங்கள் வருகை தெரிய வேண்டும். ரோடு பைக்குகளில் மணி வைப்பதை ஏனோ பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். மணி இல்லையென்றால் வாய் இருக்கிறது. அருகில் வந்ததும், பின்னால் ஒட்டிக்கொண்டு கேட்காமல், வாகனம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு வலப்பக்கத்தில் அவர் முகம் தெரியும் அளவுக்கு வந்து கேட்க வேண்டும். காற்றின் இரைச்சலில் பின்னாலிருந்து கேட்கும் கேள்வி பாதி காதில் விழாது.

கேட்கும் வாசகம் எளிமையாக இருக்கட்டும்: "அண்ணே வணக்கம், காத்து ஜாஸ்தியா இருக்கு. பிள்ளையார்பட்டி வரைக்கும் உங்க பின்னால வரட்டுமா? மாத்தி மாத்தி முன்னால போகலாம்." இதில் நான்கு செய்திகள் அடங்கியிருக்கின்றன: நீங்கள் இருக்கிறீர்கள், ஏன் வருகிறீர்கள், எதுவரை வருகிறீர்கள், உங்கள் பங்கைச் செய்வீர்கள். எல்லை சொல்லிக் கேட்பது முக்கியம். எவ்வளவு தூரம் என்று தெரியாத துணை சிலருக்குச் சுமை. இளையவராகத் தெரிந்தால் "தம்பி" போதும். வயதில் மூத்தவரானால் "ஐயா", "சார்" எது இயல்பாக வருகிறதோ அது.

"வாங்க தம்பி" என்பதே சம்மதம். தலையசைப்பும் சம்மதமாகலாம். ஒன்றும் சொல்லாமல் நேரே பார்த்துக்கொண்டு போனால், காதில் இயர்போன் இருந்தால், அல்லது வேகத்தைக் கூட்டினால் அதை மறுப்பாகவே கொள்ளுங்கள். மறுப்புக்குக் காரணம் கேட்கக் கூடாது. மருத்துவர் சொன்ன இதயத் துடிப்புக்குள் ஓட்டுகிறவர் இருப்பார். நெடுநாள் கழித்துச் சைக்கிள் எடுத்தவர் இருப்பார். வாரத்தில் தனக்கென்று கிடைக்கும் ஒரே ஒரு மணி நேரத்தைத் தனிமையில் கழிக்க வந்தவரும் இருப்பார். மறுக்கப்பட்டால் ஒழுங்காகத் தாண்டிச் செல்லுங்கள், அல்லது 20, 30 மீட்டர் பின்தங்கிவிடுங்கள். தாண்டிச் சென்றபின் களைத்து, அவருக்கு முன்னாலேயே வேகம் குறைத்துத் தடையாக நிற்பது எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் நடத்தை.

மூன்றாம் படி: பின்னால் இருக்கும் முறை

சம்மதம் கிடைத்தவுடன் ஓர் அடி இடைவெளிக்குள் நுழைந்துவிடக் கூடாது. முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டருக்குக் குறையாமல் விட்டு, முன்னவர் எப்படி ஓட்டுகிறார் என்று கவனியுங்கள். நேர்கோட்டில் செல்கிறாரா, குழியைக் கடைசி நொடியில் விலக்குகிறாரா, மேட்டில் எழுந்து நிற்கிறாரா என்பது இரண்டு மூன்று நிமிடங்களில் தெரிந்துவிடும். இரண்டு மீட்டரிலும் மறைவின் கணிசமான பகுதி கிடைக்கும். அதற்கு மேல் நெருங்குவது அன்றைக்கே அறிமுகமான ஒருவருடன் தேவையற்றது என்பது என் கருத்து. நெடுங்காலம் சேர்ந்து ஓட்டுபவர்கள் அரை மீட்டரில் செல்வதைப் பார்த்து அதைப் பழக முயல வேண்டாம்.

அவருடைய சைக்கிளையும் பாருங்கள். முன்னால் செல்வது இரண்டு அங்குல டயர் கொண்ட எம்டிபி எனும் மலைப்பாதைச் சைக்கிளாக இருந்து உங்களுடையது 25 மில்லிமீட்டர் டயராக இருந்தால், அவர் கவனிக்காமலே ஏறி இறங்கும் குழி உங்கள் டியூபை வெடிக்கச் செய்யும். தமக்குக் குழியாகத் தோன்றாததை அவர் சைகை காட்டவும் மாட்டார். அவருக்கு டிஸ்க் பிரேக்கும் உங்களுக்குச் சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கும் என்றால், மழை நாளில் அவர் நிற்கும் தூரத்தில் உங்களால் நிற்க முடியாது.

உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒருபோதும் நுழையக் கூடாது. இரு சக்கரங்களும் உரசினால் முன்னவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, விழுவது பின்னவர். அதே சமயம் மிகச் சரியாக நேர் பின்னாலும் செல்லாமல், ஒரு கையளவு வலப்பக்கமாக விலகி, தேவைப்பட்டால் ஒதுங்க இடம் இருக்கும்படி வைத்துக்கொள்ளலாம். கண் அவருடைய சக்கரத்தில் ஒட்டியிருக்கக் கூடாது. அவர் தோளுக்கு மேலாக, இருபது முப்பது மீட்டர் முன்னால் சாலையைப் படிக்க வேண்டும். விரல்கள் பிரேக் லீவரின்மேல் இருக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சட்டென்று பிரேக் பிடிக்காமல், மிதிப்பதை நிறுத்தி, உடலைச் சற்று நிமிர்த்தினால் காற்றே வேகத்தைக் குறைத்துவிடும்.

பக்கக்காற்று வேறு சிக்கல். தேவகோட்டை நோக்கித் தென்கிழக்காகச் செல்லும்போது ஆடிக் காற்று வலப்புறத்திலிருந்து சாய்வாக அடிக்கும். அப்போது மறைவு, முன்னவருக்கு நேர் பின்னால் இல்லாமல் இடப்புறமாக, சாலையின் விளிம்பை ஒட்டி விழும். பந்தயங்களில் இதற்காகவே வீரர்கள் சாய்வாக அடுக்கி நிற்பார்கள். மூடிய பந்தயச் சாலைக்கான அந்த முறையை நெடுஞ்சாலையில் செய்ய முனைந்தால், ஒருவர் வாகனப் பாதைக்குள் தள்ளப்படுவார் அல்லது மற்றவர் செம்மண்ணுக்குள் இறங்குவார். பக்கக்காற்றில் மறைவை விட்டுக்கொடுத்து இடைவெளியைக் கூட்டுவதே சரி.

இரவிலும் விடியலிலும் உங்கள் முன்விளக்கைத் தாழ்த்துங்கள். இல்லாவிட்டால் முன்னவரின் நிழலே அவர் பாதையை மறைக்கும். அவரும் தம் பின்விளக்கை மின்னும் நிலையிலிருந்து நிலையான ஒளிக்கு மாற்றினால் உங்கள் கண் தப்பும். அதைப் பணிவாகக் கேட்கலாம்.

நான்காம் படி: சைகையும் குரலும்

முன்னால் செல்பவர் அறிவிக்க வேண்டியவை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே: குழி, நிறுத்தம், திருப்பம், எதிரில் வாகனம். பின்னால் இருப்பவர், தமக்குப் பின்னே வாகனம் வருவதைச் சொல்ல வேண்டும். "பஸ் வருது" என்ற இரண்டு சொல் போதும். கைச் சைகை அழகானதுதான், ஆனால் அறிமுகமற்றவர்களுக்கு இடையில் அது பிழையாகப் புரிந்துகொள்ளப்படலாம், குரலே நம்பகமானது. மோசமான குழிக்கு நடுவில் கையை எடுத்துச் சைகை காட்டுவதைவிட இரு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கத்துவது மேல்.

செட்டிநாட்டுக்கே உரிய சில அறிவிப்புகளும் உண்டு. வண்ணம் அழிந்த வேகத்தடை ஊர் எல்லைக்கு எல்லை இருக்கும். சாலையோரத்துச் சீமைக் கருவேலத்தை வெட்டிய நாளில் முள் தார்ச்சாலையெங்கும் சிதறிக் கிடக்கும். அதைப் பார்த்தவர் "முள்ளு" என்று சொல்லாமல் போனால் இருவரும் சேர்ந்து பஞ்சர் ஒட்ட வேண்டியிருக்கும். அறுவடைக் காலத்தில் நெல்லும் பயறும் சாலையில் காயும். அதன்மேல் ஓட்டுவது சறுக்கலுக்கும் வழி, உழவரின் பொருளுக்கும் அவமரியாதை. ஆட்டுக் கூட்டம் தெரிந்தால் டிராஃப்டிங்கை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்: முதல் ஆடு சாலையைக் கடந்தால் மற்றவையும் தொடரும் என்பது உறுதி, எப்போது என்பது மட்டும் உறுதியில்லை.

தை மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடைப்பயணமாகச் செல்லும். மற்ற ஊர்களிலிருந்தும் பாதயாத்திரை செல்வோர் இரவு பகலாகச் சாலை விளிம்பில் நடப்பார்கள். அந்த நாட்களில் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழித்தடத்தில் சைக்கிளை மெதுவாக ஓட்டலாம். யாருக்குப் பின்னாலும் ஒட்டி ஓட்டுவது தகாது. வெறுங்காலுடன் நடக்கும் பக்தருக்கு வழிவிடுவதற்காக முன்னவர் எந்நேரமும் பிரேக் பிடிப்பார், பிடிக்கவும் வேண்டும்.

எழுந்து நின்று மிதிப்பது பற்றி ஒரு சொல். இருக்கையிலிருந்து எழும் கணத்தில் சைக்கிள் சில அங்குலம் பின்வாங்குவதுபோல் வேகம் இழக்கும்; ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் இதனால்தான் சக்கரங்கள் உரசுகின்றன. "எந்திரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மிதியின் அழுத்தத்தைத் தளர்த்தாமல் எழ வேண்டும். மூக்குச் சிந்துவது, எச்சில் துப்புவது, குடிநீரை முகத்தில் தெளித்துக்கொள்வது ஆகியவற்றை முன்னால் இருப்பவர் செய்யவே கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் வரிசையின் கடைசிக்கு வந்தபின் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்கார்டு இல்லாத சக்கரம் செம்மண் நீரை நேரே பின்னவரின் வாயில் இறைக்கும். அன்றைக்கு இடைவெளியைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐந்தாம் படி: முன்னால் செல்லும் முறை வரும்போது

மாறி மாறிச் செல்வதாகச் சொன்னால் செய்ய வேண்டும். வலிமை குறைந்தவர் குறைந்த நேரம் முன்னால் இருந்தால் போதும். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை என்பது இருவருக்கும் புரியும் எளிய அளவு. முன்னால் வரவே இயலாத அளவுக்குக் களைத்திருந்தால் அதைச் சொல்லிவிடலாம்; பெரும்பாலோர் "பரவால்ல, பின்னாலயே வாங்க" என்பார்கள். சொல்லாமல் ஒளிந்துகொண்டு, ஊர் நெருங்கும்போது மட்டும் பாய்ந்து முந்துகிறவரைத்தான் யாரும் மறுமுறை சேர்த்துக்கொள்வதில்லை.

முறை மாற்றுவதற்குப் பந்தய வழக்கங்கள் பல இருந்தாலும், அறிமுகமற்றவர்களுக்குச் சாதாரண முந்துதலே பாதுகாப்பானது. முன்னவர் தம் கோட்டை மாற்றாமல் இடப்புறமாகவே சென்று சற்று மிதிப்பதைத் தளர்த்துகிறார். பின்னவர் திரும்பிப் பார்த்து, வாகனம் இல்லையென்று உறுதிசெய்து, "வர்றேன்" என்று சொல்லி வலப்புறமாக முந்தி, முழுதாகக் கடந்தபின் இடப்பக்கம் சேர்கிறார். முன்னவர் வலப்புறம் விலகிப் பின்தங்கும் முறை இந்த நெடுஞ்சாலைகளுக்கு ஒத்துவராது. முன்னால் வந்த உற்சாகத்தில் வேகத்தை 3, 4 கிலோமீட்டர் கூட்டிவிடுவது மிகப் பொதுவான தவறு. அதுவரை உங்களை இழுத்து வந்தவர் மூச்சு வாங்கும் நேரம் அது. வேகமானியைப் பார்த்து, அவர் வைத்திருந்த வேகத்தையே வையுங்கள்.

உங்கள் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டால்

கேட்காமல் வந்தவரைத் தண்டிப்பதற்காகப் பிரேக்கைத் தொடக் கூடாது. அவர் விழுவார், நீங்களும் விழலாம். "தம்பி, பின்னால வர்றதா இருந்தா சொல்லிட்டு வாங்க, நான் திடீர்னு நிப்பேன்" என்று ஒருமுறை சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால் கையசைத்து முந்திச் செல்ல விடலாம். அதற்கும் அசையவில்லையென்றால் ஒரு டீக்கடையில் நிற்பதே சுருக்கமான வழி. ஏற்றுக்கொண்டீர்களென்றால் குழியும் நிறுத்தமும் சொல்வது உங்கள் கடமையாகிவிடுகிறது.

மூவர் நால்வர் கொண்ட குழுவை எட்டிப்பிடித்தால், கடைசியாகச் செல்பவரிடம் கேளுங்கள். அவர்தான் உங்களோடு சக்கரம் பகிரப்போகிறவர். கடைசியிலேயே இருங்கள், நடுவில் நுழையாதீர்கள். முன்னே சென்று முறை எடுப்பதும் அவர்கள் அழைத்தால் மட்டுமே.

விலகுதல்

திரும்ப வேண்டிய இடத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே சொல்லிவிட வேண்டும். நீங்கள் பின்னால் இருந்து, ஒன்றும் சொல்லாமல் பிள்ளையார்பட்டிக் கோயில் பக்கம் திரும்பிவிட்டால், முன்னவர் நீங்கள் விழுந்துவிட்டீர்களோ என்று திரும்பி வருவார். முன்னால் இருந்தால் இன்னும் மோசம். அவர் உங்களைத் தொடர்ந்து தவறான சாலையில் திரும்பியிருப்பார். சொல்லிவிட்டு, மிதிப்பதைத் தளர்த்தி இடைவெளி உண்டாக்கி, பிறகு திரும்புங்கள். நன்றி சொல்ல மறக்க வேண்டாம். டீக்கு அழைப்பது விருப்பம், மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. அவரைப் படமெடுத்துப் பொதுவெளியில் இடுவதற்கு இன்னொரு சம்மதம் வேண்டும்.

ஒருவேளை உரசல் நேர்ந்து யாரேனும் விழுந்தால், தவறு யாருடையது என்ற பேச்சுக்கு முன் சாலையிலிருந்து ஆளையும் சைக்கிளையும் விலக்க வேண்டும். தலையிலோ கழுத்திலோ அடி என்று தோன்றினால் ஆளை அசைக்காமல், வாகனங்களைத் தடுத்து நிறுத்தி 108க்கு அழைக்க வேண்டும். பொறுப்பு என்று வரும்போது பின்னால் வந்தவருக்கே பெரும்பங்கு. அவர்தான் கேட்டு வந்தவர். முன்னவரின் சக்கரமோ, கியர் மாற்றும் கருவியான டெரெய்லரோ சேதமடைந்திருந்தால் பழுதுச் செலவை ஏற்பதாகச் சொல்லி, தொலைபேசி எண்ணைக் கொடுத்து, அவர் வீடு திரும்ப வழி ஏற்படும் வரை உடனிருக்க வேண்டும்.